பேனா ஏன் வெளுக்கிறது, ஏன் வெடிக்கிறது: கடைசல் மரப்பேனாவின் பூச்சுக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

இது மரத்துக்குள் 7 மி.மீ. பித்தளைக் குழாய் ஒட்டிச் சின்ன மர லேத்தில் கடையும் சாதாரண பால்பாயிண்ட் கிட் (உலோகப் பாகங்கள் தயாராக வரும் செட்) பேனாக்களுக்கானது. பூச்சு என்று இங்கே சொல்வது இரண்டைத்தான். ஒன்று சி.ஏ., அதாவது சூப்பர் க்ளூவைக் கோட் கோட்டாகப் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது. இன்னொன்று ஃபிரிக்‌ஷன் பாலிஷ், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோடு கொஞ்சம் எண்ணெயோ மெழுகோ சேர்த்து, லேத் ஓடும் சூட்டிலேயே ஏற்றுவது.

பூச்சில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை பூச்சுக்கு அடியிலேயே தொடங்கிவிடுகின்றன. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது, மேலே இன்னொரு கோட் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பேனா உடலுக்குப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, லேத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் கோடும் குழியும் அந்தச் சாய்வு வெளிச்சத்தில் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

“வெள்ளை பூத்துப் போச்சுங்க”

அதிகம் வரும் புகார் இதுதான். எப்போது வெளுத்தது என்பதைப் பிடித்தால் காரணத்தைப் பிடித்த மாதிரி.

*கோட் போட்டுக்கொண்டிருக்கும்போதே வெளுத்தால்*

ஆக்சிலரேட்டர் (பசையைச் சீக்கிரம் இறுக வைக்கும் ஸ்பிரே) அடித்தீர்களா? அடித்திருந்தால் அதுதான். பக்கத்தில் பிடித்து அடித்தால் பசை ஒரே நொடியில் கொதித்து இறுகி, உள்ளே நுண்ணிய குமிழிகளோடு சோப்பு நுரை போல நின்றுவிடும். ஒரு அடி தூரத்திலிருந்து ஒரே ஒரு அமுக்கு போதும். அதுவும் கடைசி கோட்டுக்கு மட்டும். இடையில் வரும் கோட்களைத் தானாகக் காய விடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம்.

ஆக்சிலரேட்டரே தொடவில்லை என்றால் கோட்டின் கனத்தைப் பாருங்கள். 53 மி.மீ. நீள உடலுக்கு ஒரு கோட் என்பது மீடியம் பசையில் (நடுத்தரக் கெட்டியான சி.ஏ.) மூன்று நான்கு சொட்டு. பத்துச் சொட்டு ஊற்றி இரண்டே கோட்டில் வேலையை முடிக்கப் பார்த்தால் மேல்தோல் காயும், உள்ளே காயாது. நிமிடத்துக்கு 300 முதல் 600 சுற்று வேகத்தில், மடித்த கிச்சன் டிஷ்யூவை அடிப்பக்கமாகப் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே இழுப்பு. திரும்பிப் போய்த் தடவக் கூடாது. இரண்டாம் இழுப்பில்தான் டிஷ்யூ ஒட்டி, நார் நாராகப் பூச்சில் நிற்கும்.

கனமும் சரி, ஆக்சிலரேட்டரும் இல்லை, ஆனாலும் வெளுக்கிறதா? நாளைப் பாருங்கள். ஐப்பசி அடைமழை நாளில் காற்றில் இருக்கும் ஈரமே பசையை அவசரமாக இறுக்கும். சி.ஏ. காய்வது ஈரத்தால்தான், அளவுக்கு மீறினால் அதுவே வினை. மழை விட்டு வெயில் வந்த மத்தியானத்துக்கு வேலையைத் தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் கதவைச் சாத்தி, 100 வாட் குண்டு பல்பை லேத் மேல் அரைமணி நேரம் எரியவிட்டு மரத்தை இளஞ்சூடாக்கி, அணைத்துவிட்டுப் போடுங்கள்.

*முதல் கோட்டிலேயே, நரம்பு நரம்பாக வெளுத்தால்*

மரத்தின் துளைகளில் தேய்த்த தூசி அடைந்திருக்கிறது. தென்னையில் இது கட்டாயம் வரும். பொள்ளாச்சிப் பக்கம் முதிர்ந்த தென்னை வைரம் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துக் கடைகிறார்கள். அழகான மரம்தான். ஆனால் கல் மாதிரி நாரும், அதற்கிடையில் பஞ்சு மாதிரிச் சோறும் உள்ள மரம் அது. சோற்றுப் பகுதி தூசியையும் பசையையும் குடித்துக்கொண்டே இருக்கும். உப்புத்தாள் போடும் முன்பே தண்ணீர் போல ஓடும் மெல்லிய சி.ஏ.வால் இரண்டு மூன்று முறை ஊற வைத்து இறுக்கிவிட்டு, பிறகு தேயுங்கள். கம்ப்ரசர் இருந்தால் ஊதுங்கள். இல்லாவிட்டால் பல் துலக்கும் பிரஷ் போதும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

*தண்ணீர்த்தாள் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்த பிறகு, முனைகளில் மட்டும் வெளுத்தால்*

குழாய்க்கும் மரத்துக்கும் இடையே முனை வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. மூட வேண்டியது முனையை. தண்ணீர் வேலைக்கு முன் இரு முனைகளிலும் மெல்லிய சி.ஏ. ஒரு சொட்டு தடவிக் காயவிடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டதா? இரண்டு நாள் நிழலில் காய வையுங்கள். லேசாக ஏறிய ஈரம் என்றால் வெண்மை தானாக மறைவதும் உண்டு. மறையாவிட்டால் உரித்து முதலிலிருந்து.

*மறுநாள் காலையில் மாவு தூவியது போல இருந்தால்*

இதைக் கண்டு பயப்பட வேண்டாம். மிஞ்சிய பசை ஆவியாகி, ஈரக்காற்றோடு சேர்ந்து திரும்ப அதே பேனா மேல் படிந்த பொடி அது. வேலை முடிந்த கையோடு டப்பாவுக்குள் போட்டு மூடினால் கட்டாயம் வரும். திறந்த இடத்தில் ஒரு இரவு வைத்தால் வராது. வந்ததை ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேற்றும் களிம்பு) கொண்டு துடைத்தால் போய்விடும்.

*ஃபிரிக்‌ஷன் பாலிஷ் வெளுத்தால்*

அரக்கு காயும் நேரத்தில் ஈரம் மாட்டிக்கொண்டது. புது ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவால், லேத் ஓட ஓட, ஒரு முறை லேசாகத் தொடுங்கள். அரக்கு மறுபடி இளகி, ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் ஸ்பிரிட் பாட்டில் திறந்தே கிடந்து தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது, அல்லது பாலிஷ் பழையது. கரைத்து ஒரு வருடம் தாண்டிய அரக்கு சரியாகக் காயாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள்.

உரித்து முதலிலிருந்து என்று எங்கே சொன்னாலும் வழி ஒன்றுதான்: 220 உப்புத்தாள், மெதுவான வேகம். அசிட்டோனில் பேனா உடலை ஊறப்போட்டால் குழாயை ஒட்டிய பசையும் சேர்ந்து இளகும்.

“கோடு போக மாட்டேங்குதுங்க”

சுற்றிச் சுற்றி வளையம் வளையமாக நிற்கும் கோடு என்றால், உப்புத்தாளில் ஒரு படியைத் தாண்டியிருக்கிறீர்கள். 220, 320, 400, 600 என்று இறங்க வேண்டும். ஒவ்வொரு தாளும் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, அதே தாளால் மரத்தின் நீளவாக்கில் பத்து இழுப்பு. சுற்றுக் கோட்டின் மேல் நெடுங்கோடு விழுந்து, சுற்றுக் கோடு காணாமல் போன பிறகே அடுத்த தாள். இந்த நெடுக்குத் தேய்ப்பை விட்டவர் எத்தனை கோட் போட்டாலும் கோடு கண்ணாடி போட்ட மாதிரி இன்னும் தெளிவாகத்தான் தெரியும்.

பூச்சுக்கு மேல் இருக்கும் கோடா, அடியில் மரத்தில் இருக்கும் கோடா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் குறுக்கே இழுங்கள். நகத்தில் இடறினால் மேலே. இடறாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் அடியில், உரிக்க வேண்டியதுதான்.

இன்னொரு குழப்பம் எண்களில். மைக்ரோமெஷ் என்ற மெருகு அட்டையில் 1500 என்பது கார் பெயிண்ட் கடையில் வாங்கும் 1500 தண்ணீர்த்தாளை விடக் கரடு. கடைத்தாள் 2000 வரை தேய்த்துவிட்டு மைக்ரோமெஷ் 1500-க்குப் போனால் ஏறின மேட்டிலிருந்து இறங்கின கணக்கு. ஏதாவது ஒரு வரிசையில் நில்லுங்கள். மைக்ரோமெஷ் ஒன்பது அட்டை செட் கையில் இல்லாவிட்டாலும் குறையில்லை. தண்ணீர்த்தாள் 800, 1000, 1500, 2000, 2500, அதற்குமேல் ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் கார் பாலிஷ். கோயமுத்தூரில் கார் பெயிண்ட் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் இவ்வளவும் கிடைக்கும்.

“அங்கங்கே மட்டும் பளபளங்குதுங்க”

தேய்த்துக்கொண்டிருக்கும்போது உடல் முழுக்க மங்கலாகி, நடுவில் மிளகு மிளகாகப் பளபளப்பு நின்றால் அவை பள்ளங்கள். தாள் அங்கே இன்னும் தொடவில்லை. மேலே போகாமல் 600 தாளிலேயே, முழு உடலும் ஒரே சுண்ணாம்பு நிறமாகும் வரை தேயுங்கள். அதற்குள் மரம் வெளியே வந்துவிட்டால் கோட் போதவில்லை. தண்ணீரில் தேய்த்திருந்தால் நன்றாகக் காயவிட்டு, நான்கு கோட் ஏற்றி, மறுபடி. புதிதாகச் செய்பவர் மீடியம் பசையில் பத்துக் கோட்டுக்குக் குறையாமல் போட்டால் தேய்க்கத் தாராளமாக இடம் இருக்கும். கை பழகினால் ஆறு ஏழு போதும்.

“முனையில உரிஞ்சு வருதுங்க”

கோட் போடும்போது பசை வழிந்து புஷ்ஷையும் (மரத்தின் இரு முனையிலும் நிற்கும் அளவு வளையம்) மரத்தையும் சேர்த்து ஒட்டிவிடும். மாண்ட்ரலை (உடலையும் புஷ்ஷையும் கோத்து லேத்தில் மாட்டும் கம்பி) கழற்றிக் கையால் முறுக்கிப் பிரித்தால் பூச்சு சில்லு சில்லாக மரத்தை விட்டுக் கிளம்பும். பத்துக் கோட் போட்ட உழைப்பு அந்த ஒரு முறுக்கில் போவதைப் பார்க்க வயிறு எரியும்.

பிரிக்கும் விதம் இது. புது பிளேடு போட்ட கட்டர் கத்தியின் நுனியை மரமும் புஷ்ஷும் சேரும் கோட்டில், புஷ் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். மோட்டாரைப் போடாதீர்கள். இடது கையால் ஸ்பிண்டிலை (லேத்தில் சுழலும் தண்டு) மெல்லச் சுற்றுங்கள். முதல் சுற்றில் கத்தி வழுக்கும், இரண்டாவதில் ஒரு பள்ளம் பிடிக்கும், நாலைந்தாவது சுற்றில் “டிக்” என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பசை வளையம் அறுந்த சத்தம் அது. அதற்குப் பிறகு நட்டைத் தளர்த்தினால் புஷ் தானாக வரும். முனையில் மிஞ்சிய பசை விளிம்பைச் சமமான கண்ணாடி மேல் 400 தாளை விரித்து, உடலை நிமிர்த்தி வைத்து, நான்கு வட்டம் சுற்றிச் சமமாக்குங்கள்.

வராமல் தடுக்க மூன்று வழி. செலவில்லாதது, புஷ்ஷின் வெளிப்புறத்தில் மெழுகு தேய்ப்பது. மரத்தில் ஒரு துளி பட்டாலும் அங்கே பூச்சு பிடிக்காது என்பதால் கவனம். அடுத்தது, டெல்ரின் போன்ற பசை ஒட்டாத பிளாஸ்டிக்கில் கடைந்த கூம்பு புஷ். கோவை, திருப்பூர் பக்கம் எந்த லேத்துப் பட்டறையிலும் துண்டு டெல்ரின் கம்பியைக் கொடுத்து உங்கள் குழாய் அளவுக்குக் கடைந்து வாங்கலாம். மூன்றாவது, மாண்ட்ரலே இல்லாமல் இரு சென்டர்களுக்கு (லேத்தின் இரு பக்கக் கூர்முனைகள்) நடுவே பிடிப்பது. அதற்கு டெட் சென்டரும் தனிப் புஷ்ஷும் வேண்டும். எங்கள் கணக்கில் இரண்டாவதுதான் லாபம்.

ஒட்டாமலேயே முனை உரிந்தால் அளவைப் பாருங்கள். மரத்தைப் புஷ் மட்டத்துக்கு மயிரிழை கீழே கடைந்தால்தான் பூச்சின் கனம் ஏற இடம் இருக்கும். இல்லாவிட்டால் கிட்டின் உலோக வளையத்தை விடப் பூச்சு மேடாகி, சட்டைப் பை ஓரத்தில் உரசி உரசிக் கிளம்பும்.

“வெடிச்சுப் போச்சுங்க”

பூச்சு மட்டும் வெடித்ததா, மரமா? சிலந்தி வலை போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் பூச்சு. கனமான கோட், ஆக்சிலரேட்டர், தேய்த்த சூடு மூன்றும் காரணம். உப்புத்தாளை வெறும் விரலால் பிடித்துத் தேயுங்கள். விரல் சுட்டால் பேனாவும் சுடுகிறது.

நாரோடு நேராக ஒரே கோடாக வெடித்தால் மரம். பித்தளைக் குழாய் சுருங்காது, ஈரம் காய்ந்த மரம் சுருங்கும், இடம் போதாமல் பிளக்கும். ஆடிச் சாரலில் பொள்ளாச்சியில் கடைந்த பேனா, சித்திரையில் கரூர் வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடந்தால் இதுதான் கதி. தடுக்க வேண்டியது கடையும் முன்பே. 19 × 19 × 130 மி.மீ. துண்டு, மரத்தைப் பொறுத்து, 30 முதல் 40 கிராம் இருக்கும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்து, எடையைத் துண்டின் மேலேயே பென்சிலில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை நிறுக்க, இரண்டு வாரம் தொடர்ந்து 0.2 கிராமுக்கு மேல் குறையாவிட்டால் காய்ந்தது. தகரக் கூரைக்கடியில் பரணில் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் முனை பிளக்கும். வெட்டிய கையோடு இரு முனைக்கும் மெழுகு உருக்கித் தடவிவிட்டு நிழலில் அடுக்குங்கள்.

துளை போடும்போதும் வெடிப்பின் விதை விழும். 10, 15 மி.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். புளி மாதிரிக் கெட்டி மரத்தில் புகை நாற்றம் வந்தால் ஏற்கெனவே தாமதம். குழாயைச் சுற்றிப் பசை பிடிக்காத இடைவெளி இருந்தாலும் வெடிக்கும்; உடலைச் சாவியால் தட்டிக்கொண்டே போங்கள், பொள்ளல் சத்தம் வரும் இடம் அதுதான்.

மயிரிழை விரிசலை, அதே மரத்தின் தூளை அடைத்து மெல்லிய சி.ஏ. விட்டு மூடலாம். நகம் உள்ளே போகிற விரிசல் என்றால் ஒட்டுப்போடாதீர்கள், அடுத்த கோடையில் மறுபடி திறக்கும். கிட்டைக் கழற்றிப் புது உடல் கடையுங்கள்.

“பிசுபிசுன்னு இருக்குதுங்க, காயவே இல்லை”

மர எண்ணெயா, நீங்கள் போட்ட எண்ணெயா? ஈட்டி, தேக்கு இரண்டிலும் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. கோட் போடும் முன் சுத்த அசிட்டோனால் துடைத்து, ஐந்து நிமிடத்துக்குள் முதல் கோட்டைப் போட்டுவிடுங்கள். நேரமானால் உள்ளிருந்து மறுபடி கசியும். நகப்பூச்சு நீக்கியை அசிட்டோன் என்று நம்பாதீர்கள். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும்.

நீங்களாகப் போட்டது தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ என்றால் அது எத்தனை நாளானாலும் இறுகாது. தூசி பிடித்துக் கறுக்கும். இறுகுகிற எண்ணெய் ஆளி விதை எண்ணெய். பச்சையாக வாங்கினால் வாரக்கணக்கில் எடுக்கும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

“டிஷ்யூவுக்குப் பதிலா துணி வச்சேன், புகை வந்துச்சுங்க”

திருப்பூரைச் சுற்றி எந்தப் பட்டறையிலும் கை துடைக்கக் கிடப்பது பனியன் வேஸ்ட். அது சுத்தப் பருத்தி. சி.ஏ. பருத்தியில் பட்டால் நொடியில் சூடேறிப் புகையும், விரலைச் சுடும். பருத்திக் கையுறையும் ஆகாது. போதாததற்கு, ஓடும் லேத்தில் துணி சிக்கினால் விரலையும் இழுக்கும். டிஷ்யூ கிழிந்து போகும், அவ்வளவுதான். புகை கண்ணில் பட்டால் எரியும், ஜன்னல் பக்கம் லேத்தைப் போட்டுக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். பசை கண்ணுக்குள் தெறித்தால் இமையைப் பிரிக்க முயலாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“ரெண்டு மாசத்துல மங்கிப் போச்சுங்க”

ஃபிரிக்‌ஷன் பாலிஷ் என்றால் அது அதன் குணம். அரக்கு வியர்வைக்கும் சானிடைசருக்கும் தாங்காது. சன்னபட்டணத்து பொம்மையில் அரக்கு நிற்கிறதே என்றால், அங்கே கெட்டி அரக்குக் குச்சியையே ஓடும் மரத்தில் அழுத்தி உருக்கி ஏற்றுகிறார்கள், கனமே வேறு. தினம் எழுதுகிற பேனாவுக்கு சி.ஏ. போடுங்கள். அரக்குதான் வேண்டும் என்றால் வருடம் ஒரு முறை ஸ்பிரிட்டில் துடைத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

“சிவப்பு பக்கத்து மரத்துல இறங்கிடுச்சுங்க”

வேங்கை மரத்தையும் வெளிறிய வெப்பாலை மரத்தையும் சேர்த்து ஒட்டினால் வரும் தொல்லை. வேங்கைத் தூள் வெள்ளை மரத்தின் துளைக்குள் இறங்கும், ஸ்பிரிட்டோ அசிட்டோனோ பட்டால் சாயமே ஓடும். கூரான ஸ்கியூ உளியில் (சாய்ந்த வாய் உளி) கடைசிச் சீவலை முடித்து, உப்புத்தாளே இல்லாமல் மெல்லிய சி.ஏ. இரண்டு கோட்டில் மூடிவிட்டுத் தேய்ப்பதைத் தொடங்குங்கள்.

“ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளமா இருக்குதுங்க”

முனையில் மரம் ஒருபுறம் புஷ்ஷை விட மேடு, எதிர்ப்புறம் தாழ்வு. தேய்த்தால் மேட்டுப் பக்கம் பூச்சு போய் மரம் தெரியும். இது உளியின் தப்பல்ல. செலவில்லாததிலிருந்து பாருங்கள்.

மாண்ட்ரல் நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கினீர்களா? விரல் இறுக்கம் போதும். டெயில்ஸ்டாக்கையும் (லேத்தின் வால் பக்கம்), அதிலுள்ள லைவ் சென்டர் கூடச் சுற்றும் அளவுக்கு மட்டும் தள்ளுங்கள். அழுத்தினால் மெல்லிய மாண்ட்ரல் வில்லாக வளையும்.

அது சரி என்றால் மாண்ட்ரலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைந்திருக்கிறது. நிமிர்த்தப் பார்க்காதீர்கள், புதிது வாங்குங்கள். பிறகு புஷ்ஷைக் காலிப்பரில் நாலு திசையில் அளங்கள். உப்புத்தாள் பட்டுப் பட்டு 0.1 மி.மீ. தேய்ந்திருந்தாலே மாற்ற வேண்டும்.

அடுத்து ஹெட்ஸ்டாக்கில் (லேத்தின் தலைப் பக்கம்) ஒரு சென்டரை மாட்டி, டெயில்ஸ்டாக் சென்டரை அதன் மூக்கு வரை கொண்டு வாருங்கள். இரு நுனியும் முட்ட வேண்டும். விலகி நின்றால் முதலில் இரண்டு டேப்பர் துளைகளையும் (சென்டர் மாட்டும் கூம்புத் துளை) துடையுங்கள், ஒரு சுருள் சீவல் மாட்டியிருந்தாலே போதும், நுனி விலகும்.

துடைத்தும் விலகினால், அல்லது ஸ்பிண்டிலைக் கையால் தூக்கி அழுத்தும்போது “டக்” என்று ஆடினால், பட்டறைக்காரரிடம் போக வேண்டிய நேரம். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தையும் காட்டும் அளவுமானி) வைத்து ஸ்பிண்டில் ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங் மாற்றச் சொல்லுங்கள். தலையைத் தூக்கி எடுத்துப் போகாமல் லேத்தை முழுதாகக் கொண்டு போங்கள், நேர் பார்ப்பது தலையும் வாலும் ஒரே படுக்கையில் இருந்தால்தான் முடியும். உடலைத் தொட்டால் சுர்ரென்று மின்சாரம் அடிக்கிறது என்றால் மட்டும் பட்டறை வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரிங் மாற்றி வந்ததும் முதல் பேனாவை வேம்பில் கடையுங்கள். ஈட்டித் துண்டை இரண்டு நாள் கழித்து எடுக்கலாம்.